வலியோடு உட்காரும்போது செய்யும் தவறுகள்

செம்பனைக் குலை வெட்டியவருக்குக் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும். ரப்பர் மரம் சீவியவருக்கு இடுப்பும் முட்டியும். மலேசியாவின் பீடோங் மாதிரி தோட்டப் பட்டணங்களில், வலி எங்கே என்று சொன்னாலே என்ன வேலை பார்த்தவர் என்று பாதி ஊகித்துவிடலாம். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். மூச்சு, உடலைக் கவனித்தல், தசையைத் தளர்த்தல் ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்வது இந்த வலிக்கும் மன உளைச்சலுக்கும் உதவும். இதில் மூச்சையும் உடலையும் கவனிக்கும் பகுதியை அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கபட்-சின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஒரு பாடமாகத் தொடங்கினார். இன்றும் அது 8 வாரப் பாடமாக நடக்கிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பே முயல வேண்டியவற்றில் ஒன்றாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் இதைச் சேர்த்தது. ஆனால் ஒரு வாரம் செய்துவிட்டு, "நமக்கு ஒத்துவரல" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. ஏன் ஒத்துவரவில்லை என்று பார்ப்போம்.

முதல் தவறு, சோதித்துப் பார்க்காமல் கண்ணை மூடி உட்காருவது. காலில் திடீர் பலவீனம், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்படாமல் போதல் இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடுப்பு வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டிக் காட்டிவிட்டு வந்து பயிற்சியைத் தொடங்குங்கள்.

அடுத்தது வீட்டில் உள்ளவர்கள் செய்யும் தவறு. "மூச்சுவிட்டா குறையுதுன்னா வலி மனசுலதான் இருக்கு" என்பார்கள். அப்படி இல்லை, வலி நிஜம். தோட்டத்து லய வீட்டில் ஒரு தடவை திருடன் புகுந்துவிட்டால், அப்புறம் ஆறு மாதத்துக்கு நாய் தபால்காரரைப் பார்த்தும் குரைக்கும். நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலமும் ஏறக்குறைய அப்படித்தான் ஆகிறது: சதை ஆறிய பிறகும் சின்னத் தொடுகைக்கே ஊரைக் கூட்டும். தூக்கம் கெட்டால், கடன் கவலை வந்தால் இன்னும் சத்தமாக. அதட்டினால் அந்த நாய் அடங்காது, பழக்கித்தான் அடக்க வேண்டும்.

மூச்சை இழுத்து நிரப்புவது

"நல்லா ஆழமா இழுங்க" என்று சொல்லிக் கேட்டே பழகிவிட்டோம். இழுக்கும்போது தோள் காதுவரை ஏறினால் ஏற்கெனவே இறுகிய கழுத்து இன்னும் இறுகும். பெரிய மூச்சை வேகமாக விட்டுக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, உதடும் விரல் நுனியும் சுருசுருக்கும், தலை சுற்றும். அதைச் "சக்தி ஏறுது" என்று நினைத்துத் தொடர்கிறவர்களும் உண்டு. அது மூச்சு மிகையானதன் அடையாளம், வேறொன்றுமில்லை.

ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேல். வயிற்றுக் கை மட்டும் அசைந்தால் சரி. மூக்கு வழியாக 4 எண்ணும்வரை உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே. நொடிக்கு ஒன்றாக எண்ணினால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். சாதாரண மூச்சைவிட மெதுவாக இருக்கட்டும், பெரிதாக வேண்டாம். 5 நிமிடம் போதும். திணறினால் 3 உள்ளே, 4 வெளியே. இரத்தக் கொதிப்பு, இருதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வயிற்றைச் சுண்டி வேகமாக மூச்சுவிடும் கபாலபாதியையும் மூச்சை அடக்கி வைப்பதையும் வீடியோ பார்த்துச் செய்ய வேண்டாம்.

வலியைத் தேடிப் போய் விரட்டுவது

கால்விரலிலிருந்து தலைவரை ஒவ்வொரு இடமாகக் கவனிக்கும் பயிற்சியில்தான் அதிகம் சறுக்குகிறது. மற்ற இடங்களை வேகமாகத் தாண்டி நேராக இடுப்புக்குப் போவார்கள். போய், "போ, போ" என்று மனதுக்குள் தள்ளுவார்கள். தள்ளத் தள்ளத் தாடை இறுகும், மூச்சு நிற்கும், வலி கூடும்.

வலி உள்ள இடத்தில் 3 மூச்சுதான் இருக்க வேண்டும். அங்கே "தாங்க முடியல" என்பதை ஒதுக்கிவிட்டு, என்ன மாதிரி என்று பாருங்கள்: இழுக்கிறதா, குத்துகிறதா, சூடா, உள்ளங்கை அகலமா, ஐம்பது காசு அளவா, ஓரம் எங்கே முடிகிறது? பிறகு வலியே இல்லாத ஓர் இடத்துக்கு, காது மடலுக்கோ உள்ளங்கைக்கோ, நகர்ந்துவிடுங்கள். இப்படிப் போய் வருவதுதான் பயிற்சி. வலி பத்துக்கு 8, 9 என்று ஏறியிருக்கும் நாளில் இதை விட்டுவிட்டு மூச்சு மட்டும் போதும். கண்ணை மூடினால் பழைய விபத்தோ அடிதடியோ நினைவில் எழுகிறவர்கள் கண்ணைத் திறந்தே செய்யலாம், பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு.

சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டுத்தான் உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி, முதுகின் வளைவுக்குச் சுருட்டிய துண்டு, தரையில் படிந்த பாதம், அவ்வளவே. தசையை இறுக்கித் தளர்த்துவதானால் பாதி பலத்தில் 5 நொடி இறுக்கி, 15 நொடி விடுங்கள். வலிக்கும் பகுதியை விட்டுவிடலாம். விடியற்காலை நாலரைக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர் மதியச் சோறு தின்ற கையோடு படுத்துச் செய்தால் குறட்டைதான் வரும். சாயங்காலம் குளித்த பிறகு, விளக்கேற்றும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது.

நல்ல நாளில் எல்லாவற்றையும் முடிப்பது

பயிற்சி கொஞ்சம் உதவியதும் வருவது இது. ஞாயிற்றுக்கிழமை வலி குறைந்திருக்கும். வாசல் புல், துணி, வறட்டுச் சம்பல் எல்லாம் ஒரே மூச்சில் நடக்கும். திங்களும் செவ்வாயும் படுக்கை. பழி பயிற்சிமேல் விழும்.

நின்று சமைப்பதை எடுத்துக்கொள்வோம். வலி ஏறத் தொடங்கும் நேரத்தை மூன்று நாள் குறியுங்கள்: 20, 12, 16 நிமிடம். சராசரி 16. அதில் ஐந்தில் நான்கு பங்கு என்றால் 12.8; கீழே இறக்கி 12 என்று வைத்துக்கொள்வோம். நல்ல நாளோ கெட்ட நாளோ, 12-ஆவது நிமிடம் அடுப்பைக் குறைத்துவிட்டு 4 நிமிடம் உட்காருங்கள், வலிக்காவிட்டாலும். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். "வலிக்கலையே, இன்னும் கொஞ்சம்" என்று தோன்றும் அந்த நொடியில் உட்காருவதுதான் கஷ்டம். வெங்காயம் கருகும் என்று கவலைப்பட்டால் அதை உட்கார்ந்தே வதக்கலாம்.

பயிற்சி பலன் தருகிறது என்று மாத்திரையைச் சட்டென நிறுத்துவதும் தவறு. டிராமடோல், பிரிகபாலின் போன்ற வலி மருந்துகளை மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு இன்னொன்று: பாதம் மரத்திருந்தால் சூடு தெரியாது, சுடுநீர்ப் பை வைத்துக்கொண்டு கண்ணயராதீர்கள்.

ஒவ்வொரு தடவையும் முடித்ததும், "இப்போ எவ்வளவு வலி?" என்று அளக்காதீர்கள். சுவரில் தொங்கும் நாள்காட்டியில் வாரம் ஒருமுறை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினேன், கடைக்கு நடந்தேனா, யார்மேல் எரிந்து விழுந்தேன். 8 வாரம் கழித்துப் புரட்டும்போது, வலி அதே 5-இல் நின்றும் தூக்கம் 4 மணி நேரத்திலிருந்து 6 ஆகியிருந்தால் அப்படியே தொடருங்கள். எதுவுமே நகரவில்லையென்றால் அந்தத் தாள்களோடு மருத்துவரிடம் போய், உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.