பட்டை இறக்கை இலைப்பேன்: எது எந்த இனம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

பூவை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் கொட்டும் இலைப்பேன்களில், முதுகில் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறித் தெரியும் ஒன்று விறுவிறுவென்று ஓடும். பெரும்பாலும் அது ஏயோலோத்ரிப்ஸ் என்ற பேரினத்தைச் (நெருங்கிய இனங்களின் தொகுதி) சேர்ந்தது. மற்ற இலைப்பேன்களையும் சிலந்திப்பேன்களையும் பிடித்துத் தின்னும், பூந்தாதையும் விடாது. ஆனால் செடியின் சாற்றை உறிஞ்சும் சில இலைப்பேன்களுக்கும் இறக்கையில் பட்டை உண்டு. மருந்தடிக்கும் முன் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாக வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் பட்டையைத்தான் முதலில் எண்ணுகிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

படி 1: பிடிப்பது

நனைத்த மெல்லிய தூரிகையின் நுனியால் தொட்டால் பூச்சி ஒட்டிக்கொள்ளும். உயிரோடு இருக்கும்போதே ஒரு படம் எடுத்துவிட்டு, 60 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். அதைவிடக் கடுமையான ஆல்கஹாலில் உடல் விறைத்துப்போகும். பிறகு இறக்கையையும் உணர்கொம்பையும் விரிப்பது பெரும்பாடு.

படி 2: குடும்பத்தைப் பிரிப்பது

இதில்தான் பொறுமை வேண்டும். இறக்கையின் நுனியைப் பாருங்கள். ஏயோலோத்ரிப்ஸின் முன் இறக்கை அகலமானது, நுனி உருண்டிருக்கும், குறுக்கு நரம்புகளும் தெரியும். பட்டை கொண்ட காலியோத்ரிப்ஸின் இறக்கையோ குறுகிக் கூர்மையாக முடியும். தலையில் வலை போன்ற வரிகள் இருக்கும். அது செடியைத் தின்னும் கூட்டம்.

அகலத்தை மட்டும் நம்பினால் பார்த்தெனோத்ரிப்ஸ் டிரசீனே ஏமாற்றிவிடும். அலங்காரச் செடிகளில் வரும் இந்தப் பூச்சிக்கு இறக்கையும் அகலம், பட்டையும் உண்டு. ஆனால் இறக்கைப் பரப்பு முழுக்க வலை வரிகள், உணர்கொம்பில் 7 கணுக்கள். ஏயோலோத்ரிப்ஸுக்கு 9 கணுக்கள். கைலென்ஸில் 9 தெரியாது. கடைசி நான்கும் மிகச் சிறியவை, ஐந்தாம் கணுவோடு இறுக ஒட்டி ஒரே துண்டாகத் தோன்றும். எண்ண மைக்ரோஸ்கோப் வேண்டும்.

பெண் பூச்சி கிடைத்தால் இன்னும் உறுதியான வழி இருக்கிறது. பக்கவாட்டில் படுக்கவைத்து, வயிற்றின் முனையில் உள்ள முட்டையிடும் ஊசியைப் பாருங்கள். மேல்நோக்கி வளைந்திருந்தால் ஏயோலோத்ரிப்ஸின் குடும்பம். மேலே சொன்ன மற்ற இரண்டுக்கும் அது கீழ்நோக்கி வளைந்திருக்கும்.

படி 3: பேரினம்

இடுப்பு ஒடுங்கி, எறும்பு என்றே நினைக்கும்படி ஓடுகிறதா? உணர்கொம்பும் மெலிந்து நீண்டிருக்கிறதா? அது பிராங்க்ளினோத்ரிப்ஸ். இதன் ஓர் இனமான வெஸ்பிஃபார்மிஸ், பூச்சிக் கட்டுப்பாட்டுக்காக வளர்த்து விற்கப்படுகிறது. இடுப்பு ஒடுங்காமல், கழுத்தை ஒட்டிய மார்புப் பகுதியில் நீண்ட முடிகளும் இல்லையென்றால் ஏயோலோத்ரிப்ஸ் என்று கொண்டு மேலே போகலாம்.

படி 4: இனம்

இப்போது பட்டைக்கு வாருங்கள். ஓய்வில் இரு இறக்கைகளும் முதுகின் மேல் அருகருகே கிடப்பதால் பட்டைகள் உடலின் நிறத்தோடு கலந்துவிடும். எனவே ஒரு முன் இறக்கையை ஸ்லைடில் தனியே விரித்துப் பார்ப்பது நல்லது. பல இனங்களில் வெள்ளை இறக்கையில் இரண்டு கரும்பட்டைகள் குறுக்கே தனித்தனியாக நிற்கும். சிலவற்றில் அவை பின் ஓரமாக ஒன்றுசேரும். இறக்கையே குட்டையாகிப்போன இனங்களும் உண்டு. அவற்றில் வயிற்றின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபாசியாட்டஸ், இன்டர்மீடியஸ் போல நெருங்கிய இனங்களைப் பட்டையை வைத்துப் பிரிக்க முயல வேண்டாம். உணர்கொம்பின் மூன்றாம், நான்காம் கணுக்களில் கோடு போல நீளும் உணர்பட்டை இருக்கும். அது கணுவில் எவ்வளவு தூரம் ஓடுகிறது, நுனி நேராக முடிகிறதா வளைகிறதா, மூன்றாம் கணு எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, உங்கள் பகுதிக்கான இனத் திறவுகோலோடு (அடையாளங்களைப் படிப்படியாகக் கேட்டு இனப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியல்) ஒப்பிடுங்கள். வேறு கண்டத்தின் திறவுகோலை எடுத்தால் ஏதோ ஒரு பெயரில் போய் நிற்கும், அது தவறாக இருக்கக்கூடும்.

இளம்புழு மட்டும் கிடைத்தால் இனம் வரை போகாதீர்கள். சீட்டில் பேரினத்தோடு நிறுத்தி, எந்தச் செடியில், எந்தத் தேதியில் பிடித்தது என்று எழுதி வையுங்கள். அதே செடியில் பிறகு வளர்ந்த பெண் பூச்சி கிடைக்கும்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.