ஹெட் கேஸ்கெட் வேலையில் உப்புத்தாளுக்கு இடமில்லை

சென்ற மாதம் பக்கத்துப் பட்டறைக்குப் போனபோது, தொழிலுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன் ஒருவன் மாருதி 800 காரின் ஹெட்டை (என்ஜினின் மேல்பகுதி) மேசைமேல் கவிழ்த்து வைத்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். அலுமினியம் புது எவர்சில்வர் தட்டுபோல் மின்னியது. "எப்படி அண்ணே வந்திருக்கிறது?" என்று ஆசையோடு கேட்டான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பளபளப்புக்கு நான் கொடுத்த விலை என்ன என்று அவனிடம் சொன்னேன். அதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே, கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே என்பதையெல்லாம் வண்டி வைத்திருக்கும் எல்லோரும் அறிவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். கொஞ்சம் வேலை பழகி, கைமேல் நம்பிக்கை வந்த பிறகு செய்யும் தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

எடுத்துக்கொண்டது மாருதி 800, ஆம்னி இரண்டிலும் இருக்கும் 796 சிசி மூன்று சிலிண்டர் என்ஜின். 800 உற்பத்தி 2014இலும் ஆம்னி 2019இலும் நின்றுவிட்டன. ஆனாலும் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள், எத்தனை ஆம்னிகள் இன்னும் காய்கறி மூட்டை சுமக்கின்றன என்று தெரியும். இந்த என்ஜினில் சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இப்படி ஒத்துப்போகாத இரண்டு உலோகங்களுக்கு நடுவே கிடந்து நெருப்பையும் தண்ணீரையும் எண்ணெயையும் பிரித்து வைப்பது கேஸ்கெட்டின் வேலை. என்ஜின் ஒரு முறை அளவுக்கு மீறிச் சூடேறினால் முதலில் தோற்பது அதுதான்.

வெள்ளை நுரையைப் பார்த்ததும் ஹெட்டைக் கழற்றுவது

எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மோர் நுரைபோல் படிந்திருந்தால் உடனே "கேஸ்கெட் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் வீட்டிலிருந்து கடைத்தெரு வரை மட்டும் ஓடும் வண்டியிலும் அந்த நுரை வரும். என்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால் உள்ளே தங்கும் ஈரம்தான் காரணம். எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். சம்பில் (என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) இருக்கும் எண்ணெயே பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எண்ணெய் சுத்தமாக இருக்கிறது, ஆகவே கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவது. சிலிண்டருக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் இடையில் மட்டும் உடைந்திருந்தால் எண்ணெயில் ஒரு சொட்டுகூடக் கலக்காது. அப்போது தெரியும் அடையாளங்கள் வேறு. காலையில் குளிர்ந்த என்ஜினை ஓடவிட்ட இரண்டே நிமிடத்தில் மேல் ரேடியேட்டர் ஹோஸ் கல்லுபோல் இறுகும். தண்ணீர் சூடாகும் முன்பே அழுத்தம் ஏறுகிறது என்றால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று பொருள். ஓடவிடுவதற்கு முன்பே மூடியைத் திறந்து வைத்திருந்தால் குமிழிகள் நிற்காமல் வரும். மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி அடுக்கினால், தண்ணீர் புகும் சிலிண்டரின் பிளக் மட்டும் ஆவியில் கழுவியதுபோல் வெளுத்திருக்கும்.

சந்தேகம் தீரவில்லையா? ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவம் கடைகளில் கிடைக்கிறது. பெட்ரோல் என்ஜினின் எரிந்த வாயு பட்டால் அது மஞ்சளாக மாறும். சோதிக்கும் முன் ரேடியேட்டரில் தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். தண்ணீர் குழாயில் ஏறித் திரவத்தில் கலந்துவிட்டால் சோதனை வீண்.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) பார்க்கும்போது தனி எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் பேசும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகத் தாழ்ந்திருந்தால் அவற்றின் நடுச்சுவரில் கேஸ்கெட் எரிந்திருப்பதாக அநேகமாக உறுதியாகச் சொல்லலாம். மூன்றும் சமமாக இருந்தால் மட்டும் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர்ப் பக்கம் மெல்லியதாகக் கசியும் கேஸ்கெட் கம்ப்ரஷனில் தெரியாமலே போகும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ரேடியேட்டர் மூடி. 0.9 கிலோ அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் உள்ளே இருக்கும் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் செத்த மூடி போட்டுக்கொண்டு கொடைக்கானல் ஏறினால், அந்த 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சில நூறு ரூபாய் மூடியை மாற்றாமல் ஹெட்டைக் கழற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்ப்பது

2003ஆம் ஆண்டு. வத்தலக்குண்டிலிருந்து மலைக்குக் காய்கறி ஏற்றும் ஓர் ஆம்னி பாதி மலையில் கொதித்து நின்று, கயிறு கட்டி என் பட்டறைக்கு வந்தது. கேஸ்கெட் முதலாவது, இரண்டாவது சிலிண்டர்களுக்கு நடுவே எரிந்திருந்தது. வேலை சரியாகத்தான் போனது. பழைய கேஸ்கெட்டின் கரி பிளாக்கிலும் ஹெட்டிலும் ஒட்டிக்கொண்டு வரவில்லை. நான் 120 எண் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி இரண்டு மேற்பரப்பையும் தேய்த்தேன். பிளாக்கின் மேலேயும்தான். துணியால் துடைத்தேன், காற்றடித்தேன், புதுக் கேஸ்கெட் வைத்து முடுக்கினேன். வண்டி முதல் சுற்றிலேயே பிடித்தது. உரிமையாளர் பணத்தோடு ஒரு தார் வாழைப்பழமும் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம் திரும்பி வந்தார். வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது எண்ணெய் விளக்கு மினுமினுத்தது. வேகம் கூட்டினால் அடியிலிருந்து 'கடகட' என்று சத்தம். சம்பைக் கழற்றினேன். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் பிக் எண்ட் பேரிங் மூன்றும் தேய்ந்து செம்பு தெரிந்தது. கிராங்க்கில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள். "தம்பி, நீ மேலேதானே வேலை பார்த்தாய்? கீழே எப்படிப் போனது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதிலைச் சொன்னவர் லேத் பட்டறைப் பெரியவர். ஒரு பேரிங்கை வெயிலில் சாய்த்துப் பிடித்து, என் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். மென்மையான பேரிங் உலோகத்துக்குள் பொடிப்பொடியாகக் கருமணல் பதிந்திருந்தது. உப்புத்தாளின் துகள்.

அது எப்படி அங்கே போனது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பிளாக்கின் மேற்பரப்பில் ஹெட்டுக்கு எண்ணெய் ஏறும் ஒரு சிறு துளை இருக்கிறது. அந்தத் துளைக்கு எண்ணெய் வருவது ஃபில்டரைக் கடந்த பிறகுதான். நீங்கள் தேய்க்கும்போது அதற்குள் விழும் துகள், ஃபில்டருக்கு அப்பால் இருக்கும் முதன்மை எண்ணெய்ப் பாதைக்குள் இறங்கிவிடுகிறது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் நேராகப் பேரிங்குக்குப் போகிறது. வழியில் தடுக்க எதுவும் இல்லை. எண்ணெய் திரும்பி இறங்கும் பெரிய துளைகள் வழியாக சம்புக்குள் விழுவது வேறு. சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே சேர்வது வேறு. உப்புத்தாளின் எமரித் துகள் பேரிங்கைவிடவும் கிராங்க்கைவிடவும் கடினமானது. பேரிங் மென்மையாக இருப்பதால் துகள் அதில் பதிந்து நின்றுகொண்டு, சுழலும் கிராங்க்கை அறுக்கும். காற்றடித்தால் போய்விடும் என்பது பொய். காற்று அதை இன்னும் உள்ளே தள்ளும்.

கிராங்க் அறுத்துச் சீர்செய்த கூலி, அண்டர்சைஸ் பேரிங், எண்ணெய் பம்ப் எல்லாம் என் பணம். அந்த மனிதருக்குப் போன பதினோரு நாள் வாடகையை என்னால் திருப்பித் தர முடியவில்லை. அவர் கேட்கவும் இல்லை. இன்றைக்கும் ஒருவர் கையில் உப்புத்தாளையும் எதிரே ஹெட்டையும் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதிலும் கிரைண்டரில் எமரி வட்டு மாட்டித் தேய்ப்பவர்களை என்ன சொல்வது! நான் ஒரு மணி நேரத்தில் செய்த கேட்டை அவர்கள் ஐந்து நிமிடத்தில் செய்கிறார்கள்.

துகள் மட்டுமே சிக்கல் இல்லை. கையால் தேய்க்கும்போது அலுமினியம் ஒரே சீராகத் தேயாது. ஓரங்கள் வட்டமாகும், கை அதிகம் அழுந்திய இடம் பள்ளமாகும். கண்ணுக்கு மின்னும், ஆனால் சமமாக இருக்காது. இந்த என்ஜினின் ஹெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட வளைவு 0.05 மில்லிமீட்டர்தான். தலைமுடியின் பருமன் அளவுகூட இல்லை. அதைக் கண் எப்படிப் பார்க்கும்?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அம்பாசிடரில் பழகியவர். அதன் பழைய 1489 சிசி என்ஜினில் ஹெட்டும் வார்ப்பிரும்பு, பிளாக்கும் வார்ப்பிரும்பு. தேய்த்தாலும் சுலபத்தில் குழியாது. அந்தக் கைப்பழக்கம் அப்படியே அலுமினிய ஹெட்டுக்கு வந்துவிட்டது.

என்ன செய்ய வேண்டும்? பிஸ்டன்களின் மேலே துணி அடையுங்கள். எண்ணெய்த் துளைகளையும் தண்ணீர்த் துளைகளையும் ஒவ்வொன்றாக அடைத்துவிடுங்கள். கேஸ்கெட் கரைக்கும் திரவத்தைத் தடவிக் காத்திருங்கள். பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் எடுங்கள். பிளாக்கில் விடாப்பிடியாக ஒட்டியதை பிளேடைப் படுக்கையாகப் பிடித்து நீக்கலாம். கடைசியில் தின்னரில் நனைத்த துணி. கறை மிஞ்சினால் பாதகமில்லை, மேடு மிஞ்சக் கூடாது.

பிறகு ஹெட்டின் மேல் ஸ்ட்ரெயிட் எட்ஜை (துல்லியமாக நேரான இரும்புச் சட்டம்) வைத்து, 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் இதழ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எங்கேயாவது அடியில் நுழைகிறதா என்று பாருங்கள். நீளவாக்கில் இரு ஓரமும், குறுக்கே இரு முனையும், மூலைக்கு மூலை இரண்டும் ஆக ஆறு கோடுகள். பிளாக்கிலும் அப்படியே. நுழைந்தால் ஃபேசிங் அடிக்க, அதாவது மேற்பரப்பைச் செதுக்கிச் சமமாக்க, ஹெட் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். அந்தப் பையனின் ஹெட்டில் மூலைக்கு மூலை வைத்தபோது 0.10 இதழ் தடையில்லாமல் நுழைந்தது.

ஃபேசிங் அடித்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பது

ஹெட் வளைந்தால் அடிப்பகுதி மட்டும் வளைவதில்லை. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் இந்த ஹெட்டுக்குள்ளேயே சுழல்கிறது. ராக்கர்களை (கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் நெம்புகள்) கழற்றிவிட்டு கேமைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் இறுகினால் அது ஓடும் பாதையே வளைந்திருக்கிறது. அடியைச் செதுக்கி அதைச் சரிசெய்ய முடியாது. வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று காற்றழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். அந்தக் கூலிக்கு யோசித்து இரண்டாவது முறை ஹெட்டைக் கழற்றாதீர்கள்.

சூட்டோடு ஹெட்டைக் கழற்றுவது

ஒரு இரவு ஆறவிடுங்கள்.

கேஸ்கெட்டின் மேல் பசை தடவுவது

வேண்டாம்.

போல்ட் துளையைக் கவனிக்காமல் முடுக்குவது

அடி மூடிய துளைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், இறங்கும் போல்ட் அதை அழுத்தும். திரவம் சுருங்காது. பிளாக்தான் வெடிக்கும். ஒவ்வொரு துளையையும் உறிஞ்சித் துடைத்துவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று கட்டமாக, டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து முடுக்குங்கள். அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கிறது. கை உணர்வை இந்த வேலையில் நம்ப வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

என்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. புதியது வாங்கிப் போடுங்கள்.

கேஸ்கெட் ஏன் எரிந்தது என்று கேட்காமல் வண்டியைக் கொடுப்பது

எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை வருடக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டரின் உள்குழாய்களில் சுண்ணாம்பு படிந்து பாதி அடைத்திருக்கும். ரேடியேட்டர் சூடாக இருக்கும்போது அதன் முகத்தில் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள் (மின்விசிறியின் இணைப்பைக் கழற்றிய பிறகு). அடைத்த பகுதி குளிர்ந்து கிடக்கும். ஒழுக்கை நிறுத்த மஞ்சள் தூள் போட்ட வண்டி என்றால் அந்தத் தூளும் அங்கேதான் சேர்ந்திருக்கும். நடுவழியில் நின்றவர் வீடு சேர அது உதவும், அதை நான் குறை சொல்லவில்லை. வீடு சேர்ந்த பிறகு ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும். வாட்டர் பம்பின் இறக்கைகள் துருவில் கரைந்திருக்கின்றனவா என்று ஹெட் வெளியே இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். எல்லாம் பூட்டி என்ஜின் சூடேறிய பிறகு விசிறி தானாகவே ஓடத் தொடங்குகிறதா என்றும் பாருங்கள்.

ஓட்டுபவரிடமும் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டால் வெப்பநிலை முள் மேலே போகாமல் கீழே இறங்கலாம். சென்சார் தண்ணீரில் இல்லாமல் காற்றில் நிற்பதால் அப்படிக் காட்டும். "முள் இறங்கிவிட்டது, ஆறிவிட்டது" என்று நம்பி ஓட்டிய வண்டிகள்தான் ஹெட்டே உருகும் நிலையில் வந்து சேர்கின்றன.

முதல் ஓட்டத்திற்குப் பிறகு மறந்துவிடுவது

காய்ச்சி வடித்த நீரில் கூலண்டைக் கலந்து ஊற்றி, மூடி திறந்தபடி ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று முழுவதும் வெளியேறும் வரை நில்லுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், நிரப்பி மூடுங்கள். அடுத்த மூன்று காலைகள் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தைப் பாருங்கள். முதல் நாள் கொஞ்சம் குறையலாம். மூன்றாம் நாளும் குறைந்தால் எங்கோ போகிறது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்த வண்டிக்கு 200 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயையும் ஃபில்டரையும் மீண்டும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து விரித்து, மடிப்புகளுக்குள் ஏதாவது மினுங்குகிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள்.