பழைய மிதவை சுவிட்சையே ஸ்மார்ட் ஹப்பில் சேர்க்கலாம்

மாடித் தொட்டியில் ஏற்கெனவே தொங்கும் மிதவை சுவிட்சை, வீட்டின் ஸ்மார்ட் சாதனங்களை ஒருங்கிணைக்கும் ஹப்பில் இணைக்கத் தனியாக நீர்மட்ட சென்சார் வாங்க வேண்டியதில்லை. ஜிக்பீ என்னும் கம்பியில்லா முறையில் ஹப்புடன் பேசும் கதவு சென்சார் ஒன்றைத் திறந்து, உள்ளே சிறு கண்ணாடிக் குழாய்போல் இருக்கும் ரீட் சுவிட்சின் இரு முனைகளிலும் மிதவையின் இரு கம்பிகளைச் சால்டர் செய்தால் போதும். மூன்று கம்பி மிதவையானால், பொதுக் கம்பியையும் மற்ற இரண்டில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளலாம். உடன் வரும் காந்தத்தை அருகில் வைக்கக் கூடாது.

அந்த இரு முனைகளும் சேர்ந்திருக்கின்றனவா, பிரிந்திருக்கின்றனவா என்பதை மட்டுமே கதவு சென்சார் அறியும். சேர்த்துவைப்பது காந்தமா மிதவையா என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆகவே மிதவை மேலெழும்போது சேரும் கம்பிகளை இணைத்திருந்தால், 'கதவு மூடியது' என்று வரும் செய்தியையே 'தொட்டி நிரம்பியது' என்று ஹப்பில் பெயர் மாற்றிக்கொள்ளலாம்.

சென்சாரைத் தொட்டியருகே வெயிலில் வைக்காமல், கம்பியை நீட்டி மாடிப்படி அறைக்குள் வைப்பதே நல்லது. வேலூரின் அக்கினி நட்சத்திர வெயிலைப் பொத்தான் பேட்டரி தாங்காது. கான்கிரீட் தளத்தைத் தாண்டி சிக்னல் வராவிட்டால், படிக்கட்டருகே ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் ஒன்றைச் செருகினால் அது சிக்னலைக் கடத்திவிடும்.

மோட்டாரின் 230 வோல்ட் மின்சாரம் நேராக மிதவை வழியே செல்லும் இணைப்பில் இதைச் செய்யவே கூடாது. சென்சார் எரிவதோடு உயிருக்கும் ஆபத்து. ரீட் சுவிட்சுக்குப் பதிலாக, காந்தத்தை உணரும் ஹால் சிப் உள்ள சென்சார்களுக்கும் இம்முறை பொருந்தாது.