பக்தி, கட்சி, தன்பாலீர்ப்பு: ஒரு கருத்துக்கணிப்பை வாசிக்கும் முறை

‘மதப்பற்று மிகுந்தவர்கள் தன்பாலீர்ப்பாளர்களை ஏற்பதில்லை’ என்ற வரியோடு ஏதேனும் ஒரு விழுக்காட்டைச் சேர்த்து வரும் செய்தியைப் பலர் படித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். தன் பாலினத்தவர் மீதே ஈர்ப்பு, அதாவது தன்பாலீர்ப்பு, கொண்ட ஓர் இளைஞரால் அப்படிக் கடந்துபோக முடிவதில்லை. வழிபாடு தவறாத தன் தாயிடம் மனம் திறந்து பேசலாமா, வேண்டாமா என்பதை அவர் அந்த ஓர் எண்ணை வைத்தே முடிவுசெய்துவிடக்கூடும். ஆகவே இத்தகைய கணிப்புகளைப் பொறுமையாகப் படிக்கக் கற்றுக்கொள்வது அவசியம் என்று உறுதியாக நம்புகிறேன்.

விழுக்காட்டைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி என்ன என்பதை முதலில் தேடிப் படியுங்கள். ‘இது பாவமா?’, ‘இதைச் சட்டம் தண்டிக்க வேண்டுமா?’, ‘இருவரும் மணந்துகொள்ள உரிமை உண்டா?’ என்ற மூன்றும் வெவ்வேறு கேள்விகள். ஒருவரே மூன்றுக்கும் மூன்று விதமாகப் பதில் சொல்ல முடியும். இங்கிலாந்தில் 1957-இல் வெளிவந்த வுல்ஃபெண்டன் அறிக்கை, வயதுவந்த ஆண்கள் இருவர் தனிமையில் மனமொத்து உறவுகொள்வதைக் குற்றமாகக் கருதக் கூடாது என்று பரிந்துரைத்தது. 1960-களில் அது சட்டமாவதற்கான விவாதம் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையில் நடந்தபோது, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரிப் பேராயராக இருந்த மைக்கேல் ராம்சி, அத்தகைய செயல் தவறு என்ற தம் சமய நிலைப்பாட்டைக் கைவிடாமலேயே அதற்குச் சிறைத்தண்டனை கூடாது என்ற பக்கம் நின்றார். 1967-இல் சட்டம் நிறைவேறியது. போப் பிரான்சிஸும் 2023 ஜனவரியில், தன்பாலீர்ப்பாளராக இருப்பது குற்றமல்ல என்று சொல்லி, பாவத்தையும் குற்றத்தையும் பிரித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். பாவத்தைப் பற்றி மட்டும் கேட்ட கணிப்பில் இவ்விருவரும் ‘எதிர்ப்பாளர்’ என்றே பதிவாகியிருப்பார்கள்.

கேள்வியில் இடம்பெறும் சொல்லும் விடையை மாற்றும். 2010-இல் அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனமும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழும் நடத்திய கணிப்பில், தன்பாலீர்ப்பாளர்களை ராணுவத்தில் பணியாற்ற அனுமதிக்கலாமா என்ற ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டார்கள். ‘ஹோமோசெக்சுவல்’ என்ற சொல்லைக் கேட்டவர்களில் 59 விழுக்காட்டினர் ஆதரித்தனர். ‘கே ஆண்களும் லெஸ்பியன்களும்’ என்று கேட்டபோது ஆதரவு 70 விழுக்காடாக இருந்தது. தமிழில் ‘ஓரினச்சேர்க்கை’ என்பதற்கும் ‘தன்பாலீர்ப்பு’ என்பதற்கும் இடையில் இதே தொலைவு உண்டு. முன்னது உடலுறவை மட்டும் சுட்டுகிறது. பின்னது ஒரு மனிதரின் அன்பையும் நாட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறது. முன்னதை வைத்துக் கேட்கப்பட்ட கேள்விக்கு வந்த விடையைப் பின்னதற்கான விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, ‘மதப்பற்று’ என்பதை எதை வைத்து அளந்தார்கள் என்று பாருங்கள். பிறப்பால் வந்த மத அடையாளம், வழிபாட்டுக்குச் செல்லும் தடவைகள், வேதநூலின் ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கு எழுத்து உண்மை என ஏற்பது, மதம் தம் வாழ்வில் முக்கியம் என்று சொல்வது ஆகியவை ஒன்றுக்கொன்று ஈடாக மாட்டா. அயர்லாந்து மக்களில் பெரும்பான்மையோர் தம்மைக் கத்தோலிக்கர் என்றே பதிவுசெய்கிறார்கள். திருச்சபை எதிர்த்தும், 2015 பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 62 விழுக்காட்டினர் தன்பாலினத் திருமணத்துக்கு ஆம் என்றார்கள். மத அடையாளத்தை மட்டும் பார்த்துக் கணித்திருந்தால் இந்த முடிவை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

மதத்தின் தாக்கத்திலிருந்து அரசியலின் தாக்கத்தைப் பிரித்தெடுப்பதுதான் இவற்றுள் கடினமானது. அதற்கு ஒரு வழி, காலத்தை வைத்துப் பார்ப்பது. கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனத்தின் கணிப்புகளில், தன்பாலினத் திருமணத்தை ஆதரித்த அமெரிக்கர்கள் 1996-இல் 27 விழுக்காடு, 2021-இல் 70 விழுக்காடு. அதே நிறுவனம் கேட்ட குடியரசுக் கட்சியினரிடையே ஆதரவு 2021-இல் 55 விழுக்காடாக இருந்து, 2025-இல் 41-ஆகக் குறைந்தது. அந்த நான்கு ஆண்டுகளில் வேதநூலில் ஒரு வரியும் மாறவில்லை. எண் இவ்வளவு விரைவாக ஏறி இறங்குமானால், சமயக் கோட்பாட்டைத் தாண்டி, கட்சித் தலைவர்களின் பேச்சையும் அன்றைய அரசியல் சூழலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மதமே இல்லாமலும் எதிர்ப்பு வளர்ந்திருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கடவுள் மறுப்பைக் கொள்கையாகக் கொண்டிருந்த சோவியத் ஒன்றியம் 1934-இல் ஆண்களின் தன்பாலின உறவைக் குற்றமாக்கியது. ரஷ்யாவில் அந்தச் சட்டம் 1993-இல்தான் நீங்கியது.

நாடுகளை ஒப்பிடும் அட்டவணைகளைப் படிக்கும்போது கூடுதல் கவனம் தேவை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019-இல் 34 நாடுகளில் கேட்டபோது, சமூகம் தன்பாலீர்ப்பை ஏற்க வேண்டும் என்றவர்கள் ஸ்வீடனில் 94 விழுக்காடு, நைஜீரியாவில் 7 விழுக்காடு. நைஜீரியாவில் 2014 முதல் தன்பாலினத் திருமணத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் வரை சிறை உண்டு. தன்பாலீர்ப்பாளர் அமைப்புகளை ஆதரிப்பவருக்கும் பத்து ஆண்டுகள் வரை தண்டனை விதிக்க முடியும். அந்த நிலையில், முன்பின் தெரியாத ஒருவரிடம் ‘ஏற்கலாம்’ என்று சொல்ல எத்தனை பேர் துணிவார்கள் என்பதையும் சேர்த்தே அந்த 7-ஐப் படிக்க வேண்டும்.

கூட்டத்தின் சராசரியைக் கொண்டு தனி மனிதரை அளக்க முடியாது. எழுபது விழுக்காடு எதிர்ப்பு என்றால், அதே வழிபாட்டிடத்தில் அமர்ந்திருக்கும் பத்துப் பேரில் மூவர் எதிர்க்காமல் இருக்கலாம். உங்கள் தாய் அந்த மூவரில் ஒருவரா என்பதை அட்டவணை சொல்லாது. அதை அறிய விரும்பினால், உங்களைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே, செய்தியில் வந்த வேறு யாரையேனும் பற்றிப் பேச்செடுத்து, பாவமா, தண்டிக்க வேண்டுமா, மணக்க உரிமை உண்டா என்ற மூன்று கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டுப்பாருங்கள். ‘அது பாவம்தான்’ என்று உடனே சொல்பவர், ‘அதற்காக அந்தப் பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பலாமா?’ என்று கேட்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘பெற்ற பிள்ளையை எப்படி அனுப்ப முடியும்?’ என்று திருப்பிக் கேட்கக்கூடும். மாறாக, அவர் பதிலில் கோபமோ மிரட்டலோ தெரிந்தால், தங்க இடமும் கையில் வருமானமும் உறுதியாகும் வரை உங்களைப் பற்றிச் சொல்வதைத் தள்ளிப்போடுங்கள்.