தினமும் இழுக்கும் இன்ஹேலர்: நான் பழகிக்கொண்ட விதம்

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடு இருக்கிறது. இடவப்பாதி மழையின் ஈரமும் அந்தப் புகையும் சேர்ந்தால் என் நெஞ்சில் ஆஸ்துமா விசில் கேட்கும். ஆறு வருடமாக பியூடசோனைடும் ஃபார்மோட்டராலும் கலந்த இன்ஹேலர்தான் என்னை நிமிர்த்தி வைத்திருக்கிறது.

ஃபார்மோட்டரால் மூச்சுக்குழாயை விரிக்கும். பியூடசோனைடு ஸ்டீராய்டு, உள்வீக்கத்தை மெல்ல மெல்லத்தான் அடக்கும். அதனால்தான் தினமும் வேண்டும். முதல் வருடம் இளைப்பு நின்றதும் நானாக நிறுத்தினேன். மூன்றாவது வாரம் நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

சரி, இழுக்கும் முறை. நன்றாகக் குலுக்குங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். இன்ஹேலரின் வாய்ப்பகுதியை உதடுகளால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அமுக்குங்கள். பத்து எண்ணும் வரை அடக்குங்கள். அடுத்த பஃப் அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி. வாயோரம் வெள்ளைப் புகை கசிந்தால் மருந்து நெஞ்சுக்குப் போகவில்லை; ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் குழாய்) வாங்கிவிடுங்கள். தூள் இன்ஹேலர் என்றால் குலுக்க வேண்டாம், வேகமாக ஆழ இழுக்க வேண்டும்.

அப்புறம் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். விட்டால் நாக்கில் வெள்ளை படியும். பல் தேய்ப்பதற்கு முன் இழுப்பதால் நான் மறப்பதில்லை.

அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான். திடீர் இளைப்புக்கு எதை எடுப்பது என்றும் அவரிடமே கேட்டு வையுங்கள்; மெதுவாக வேலை செய்யும் சால்மெட்டரால் என்ற மருந்து கலந்த இன்ஹேலர் அதற்கு ஆகாது. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் உடனே 108.