‘சொன்னேனே சார்!’: விமானப்படைப் பயிற்சிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வான ஏஎஃப்கேட் எழுதி, மைசூருவில் தேர்வு வாரியத்தையும் அதன்பின் மருத்துவச் சோதனையையும் தாண்டி, ஹைதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாடமிக்குக் கிளம்பும் பிள்ளைகள் சிலர் மதுரை திருப்பாலையில் இருக்கும் என் வீட்டுக்கு வருவதுண்டு. ஓய்வுபெற்ற பயிற்றுநர் சும்மாதானே இருக்கிறார் என்று யாராவது அனுப்பிவைப்பார்கள். விடுப்பில் ஊர் திரும்பும்போதும் வருகிறார்கள், கன்னம் ஒட்டி, தலைமுடி ஒட்ட வெட்டி. அவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. நாங்கள் அந்தக் காலத்துக் கிரண் பயிற்சி விமானத்தில் செய்த கூத்தையெல்லாம் இவர்கள் இன்றைய பிலாட்டஸ் பயிற்சி விமானத்தில் செய்துகொண்டிருக்கிறார்கள். புதிதாக ஒரு தவறாவது கண்டுபிடிக்கக் கூடாதா?

நேரத்துக்கு எழுந்திரு, ஷூவுக்குப் பாலிஷ் போடு, சீனியருக்கு வணக்கம் சொல் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை முதல் வாரத்திலேயே தண்டால் எடுக்க வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

அளந்து பார்க்காமல் ஆசைப்படுவது

விமானிக்கு 162.5 செ.மீ. உயரம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உட்கார்ந்த நிலையில் உயரம், கால் நீளம், தொடை நீளம் ஆகியவற்றுக்கும் வரம்பு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. தொடை 64 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முழங்கால் எதிலும் இடிக்காமல் வர வேண்டுமே, அதற்காக. நிறப்பார்வைக் குறைபாடும் அப்படித்தான், எத்தனை படித்தாலும் மாறாது. கண் வைத்தியத்துக்கென்றே வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கும் மதுரையில் இருந்துகொண்டு, நிறப்பார்வையைச் சோதிக்காமல் கோச்சிங் வகுப்புக்குப் பணம் கட்டுகிறவர்களை என்ன சொல்ல?

இன்னொன்று. விமானியாகும் திறனைப் பார்க்கும் சி.பி.எஸ்.எஸ். கணினிச் சோதனையில் ஒருமுறை தவறினால் வாழ்நாளில் மறுவாய்ப்புக் கிடையாது. “சும்மா ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் சார்” என்று மைசூரு ரயிலில் ஏறுகிறவரை திண்டுக்கல்லிலேயே இறக்கிவிடத் தோன்றும்.

ஜாய்ஸ்டிக் வீரர்கள்

கம்ப்யூட்டரில் மணிக்கணக்காகப் பறந்த பிள்ளைகளுக்குக் கண் முழுக்க மீட்டர்களில்தான் இருக்கும். தொடக்கப் பயிற்சியில் பார்க்க வேண்டியது வெளியே: தொடுவானத்துக்கு விமானத்தின் மூக்கு எங்கே நிற்கிறது என்பதை. மீட்டர்கள் சரிபார்க்க மட்டும். ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் முள் எப்போதும் சற்றுத் தாமதமாகத்தான் நகரும். அதைத் துரத்தினால் விமானம் மேலும் கீழுமாக அலைபாயும். அதனால்தான் சில பயிற்றுநர்கள் மீட்டர்களைக் காகிதத்தால் மூடிவிட்டுப் பறக்கச் சொல்வார்கள். அதே வானத்தில் வேறு மாணவர்களும் பறக்கிறார்கள், அவர்கள் எந்த மீட்டரிலும் தெரிய மாட்டார்கள்.

செக்கை ஒப்பிப்பது

இதற்குத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன்.

இறங்குவதற்கு முன், ஓடுதளத்துக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் கட்டத்துக்கு டவுன்விண்ட் என்று பெயர். அங்கே செக் எனப்படும் சில சரிபார்ப்புகள் உண்டு: எரிபொருள், பிரேக், பெல்ட் என்று ஒரு வரிசை. அதில் தலையாயது சக்கரம். நெம்புகோலை இறக்கினால் மூன்று சக்கரங்களும் இறங்கிப் பூட்டிக்கொண்டதற்கு அடையாளமாக மூன்று பச்சை விளக்குகள் எரியும். அவற்றைப் பார்த்துவிட்டு “த்ரீ கிரீன்ஸ்” என்று சொல்ல வேண்டும். பார்த்துவிட்டு.

நம் பிள்ளைகள் மனப்பாடத்தில் கெட்டிக்காரர்கள். பத்தாம் வகுப்பிலிருந்து அதில்தான் மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். முழு வரிசையையும் கந்த சஷ்டி கவசம் போல மூச்சுவிடாமல் சொல்வார்கள். கேட்கிற பெற்றோருக்குப் பெருமை தாங்காது. எனக்கு வயிற்றைப் பிசையும்.

கிரணில் மாணவரும் பயிற்றுநரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். அதில் ஒரு வசதி, மாணவரின் கண் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒருநாள் ஒரு மாணவர் டவுன்விண்டில் வரிசையைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் ரேடியோவில் கட்டுப்பாட்டுக் கோபுரம் எங்களை அழைத்து ஏதோ கேட்டது. பதில் சொன்னார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், ஆனால் ஓர் அடி தள்ளித் தொடர்ந்தார். நெம்புகோலுக்குக் கை போகவே இல்லை. பிறகு ஓடுதளத்தை நோக்கித் திரும்பி, கண்ணை அதன் முனையில் வைத்துக்கொண்டு, தெளிவான குரலில் “ஃபைனல்ஸ், த்ரீ கிரீன்ஸ்” என்றார். பச்சை இருக்க வேண்டிய இடம் இருட்டாக இருந்தது. நான் பேசாமல் இருந்தேன். இன்னும் கொஞ்சம் இறங்கினோம். “ஓவர்ஷூட்” என்று சொல்லிக் கட்டுப்பாட்டை வாங்கி மேலே ஏற்றினேன். தரையிறங்கிய பின் கேட்டால், அவர் சொன்ன முதல் வார்த்தை: “சொன்னேனே சார்!”

அந்த இரண்டு சொற்களைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. சொன்னார்தான், கோபுரத்தில் இருந்தவருக்கும் கேட்டது. வாய் தன் வேலையை முடித்துவிட்டதால், வேலையே முடிந்துவிட்டதாக மூளை கையெழுத்துப் போட்டுவிட்டது. சக்கரம் மடங்காத தீபக் பயிற்சி விமானத்தில் முதலில் பழகிவிட்டுக் கிரணுக்கு வந்தவர்களிடம் இது கூடுதலாக இருந்தது. பிலாட்டஸில் தொடக்கத்திலிருந்தே மடங்கும் சக்கரம்தான், ஆனாலும் ஒப்பிக்கும் பழக்கம் போகவில்லை.

எச்சரிக்கை ஒலி இருக்கிறதே என்று கேட்பார்கள். பல விமானங்களில் இருக்கிறது. ஆனால் வேலை நெருக்கும்போது மூளை காதைத்தான் முதலில் அடைத்துக்கொள்கிறது. ஒலி கேட்கவே இல்லை என்று, வயிற்றால் ஓடுதளத்தைத் தேய்த்த விமானிகள் பல நாடுகளில் சொல்லியிருக்கிறார்கள். ஆள் பிழைத்துக்கொள்வார். சுழலும் புரொப்பல்லர் தரையில் அடித்தால் எஞ்சினையே கழற்றிப் பார்க்க வேண்டிவரும். அந்த மாணவரின் எதிர்காலமும் அதோடு மேஜைக்கு வரும்.

இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். எங்கள் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, அட்டையில் ஒட்டிய காக்பிட் படத்தை எதிரே சாய்த்து, தூரத்து யானைமலையைத் தொடுவானமாக வைத்துக்கொண்டு பறக்கச் சொல்வேன். வலக்கையில் ஒட்டடைக்குச்சியின் கட்டை, அதுதான் ஸ்டிக். விதி ஒன்றே ஒன்று: முதலில் கை தொட வேண்டும், அடுத்துக் கண் பார்க்க வேண்டும், கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும். பாதி வரிசையில் நான் வேண்டுமென்றே குறுக்கிடுவேன்: “தம்பி, கீழே வந்திருப்பது யார் பைக்?” பெரும்பாலானவர்கள் பதில் சொல்லிவிட்டு எங்கிருந்தோ தொடருவார்கள். உசிலம்பட்டித் தம்பி ஒருவர் பதிலைச் சொல்லும்போதே “த்ரீ கிரீன்ஸ்” என்றும் சேர்த்துச் சொன்னார். மேலூரிலிருந்து வந்த பெண் ஒருவர் மட்டும் “ஸ்டாண்ட்பை சார்” என்று என்னை நிறுத்திவைத்து, வரிசையை முடித்த பிறகு கீழே எட்டிப் பார்த்தார். அப்படித்தான் செய்ய வேண்டும். நிறுத்திவைக்க முடியாத அழைப்பானால், பதில் சொன்னபின் வரிசையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். நேரம் இல்லையென்றால் மேலே ஏறி இன்னொரு சுற்று வாருங்கள். அதற்காக யாரும் உங்களைத் திட்டப் போவதில்லை. திட்டினாலும் பரவாயில்லை.

“புரிந்தது சார்”

புரியாதபோது சொல்லாதீர்கள்.

ஜலதோஷத்தை மறைப்பது

மூக்கடைப்போடு பறந்தால் இறங்கும்போது காதுக்குள் அழுத்தம் சமப்படாது, செவிப்பறை வரை பாதிக்கும். ஒருநாள் பறக்காமல் போய்விடுமே என்று பயந்து வாரக்கணக்கில் தரையில் உட்கார்ந்தவர்கள் உண்டு. டாக்டரிடம் போங்கள்.

தினமும் வீட்டுக்கு ரிப்போர்ட்

தனியாகப் பறக்கப் போகும் நாளை முதல் நாளிரவே அம்மாவிடம் சொல்லாதீர்கள். முடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வெறும் வயிற்றில் பறப்பது

பட்டினி கிடந்தால் வாந்தி வராது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. வெறும் வயிறு இன்னும் மோசமாகத்தான் புரட்டும். எண்ணெய்ப் பலகாரம் இல்லாமல் அளவாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தொடக்கத்தில் பலருக்கும் குமட்டும், பறக்கப் பறக்க அடங்கும். அடங்காவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் வைத்திருக்கிறார்கள். ஓவராலின் பாக்கெட்டில் ஒரு பை எப்போதும் இருக்கட்டும். எடுக்க மறந்தால் காக்பிட்டைத் துடைக்கப் போவது நீங்கள்தான்.