எல்லா இடத்துக்கும் ஸோன் 1 போடாதீர்கள்: அபாயப் பகுதி வகைப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலையில் எங்கெல்லாம் வெடிக்கக்கூடிய வாயு, ஆவி, தூசிக் கலவை சேரலாம் என்று ஸோன்களாகப் பிரித்துக் காட்டுவதுதான் அபாயப் பகுதி வகைப்பாடு. அதை வைத்துத்தான் அங்கே மாட்டும் கருவியைத் தேர்ந்தெடுப்பார்கள். புதிதாக வருபவர்கள் போடும் வகைப்பாட்டு டிராயிங்குகளைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. அவற்றில் பாதித் தவறுகள் நாங்கள் புதிதாக வந்தபோது செய்தவையேதான். செல்போனோடு உள்ளே போவது, பலகை மாட்ட மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை அன்றைக்கே யார் கண்ணிலாவது பட்டுவிடும். ஆண்டுக்கணக்கில் படாமல் இருப்பவைதான் இங்கே.

“பாதுகாப்புக்காக” எல்லாவற்றையும் ஸோன் 1 ஆக்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பம்ப் ஷெட், டேங்க் யார்டு, பைப் ரேக், லாரி நிரப்பும் இடம் எல்லாவற்றையும் சுற்றி ஒரே கோடு, உள்ளே முழுக்க ஸோன் 1. கேட்டால், “எதுக்கு சந்தேகம், ஒரு படி கூட்டியே வெச்சுட்டோம் சார்” என்பார்கள். பொறுப்பான பேச்சு மாதிரிதான் இருக்கும். உண்மையில் கணக்குப் போட யாரும் உட்காரவில்லை.

வெடிக்கக்கூடிய கலவை ஓரிடத்தில் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதை வைத்துத்தான் ஸோன். எப்போதும், அல்லது நெடுநேரம் இருந்தால் 0. வழக்கமான இயக்கத்திலேயே அவ்வப்போது வருமென்றால் 1. வழக்கத்தில் வராது, வந்தாலும் சற்று நேரம்தான் என்றால் 2. ஆண்டுக்கு 1000 மணி நேரத்துக்கு மேல், 10 முதல் 1000 வரை, 10க்குக் கீழே என்று தொழிலில் ஒரு கைக்கணக்கும் உண்டு. ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வெளியிட்ட 60079-10-1 தரநிலை கசிவு மூலங்களிலிருந்து தொடங்கச் சொல்கிறது. ஒவ்வொரு மூலமும் தொடர்ச்சியானதா, முதன்மையா (வழக்கமான இயக்கத்தில் அவ்வப்போது கசிவது), இரண்டாம் நிலையா (வழக்கத்தில் கசியாதது) என்று பார்க்க வேண்டும். அடுத்து அங்குள்ள காற்றோட்டம். ஸோன் அப்புறம்தான். திறந்தவெளியில் இருக்கும் ஒரு ஃப்ளேஞ்சைச் (போல்ட் போட்ட குழாய் இணைப்பு) சுற்றி வழக்கமாகச் சிறிய அளவில் ஸோன் 2 போதும். அதே ஃப்ளேஞ்ச் காற்று நுழையாத அறைக்குள் இருந்தால் ஸோன் 1 ஆகும், சில நேரம் 0 கூட ஆகும்.

ஒரு கரைப்பான் ஆலையின் டிராயிங்கில் டொலுவீன் பம்ப் ஷெட் முழுக்கச் சிவப்பு, அதாவது ஸோன் 1. நேரில் போய்ப் பார்த்தால், பம்புகளுக்கு நடுவே மூடி போட்ட ஒரு வடிகால் குழி. ஸ்ட்ரெய்னரை (குழாயில் உள்ள வடிகட்டி) கழற்றும்போது வடிவதெல்லாம் அதில்தான் சேர்கிறது. டொலுவீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், குழியை விட்டு எங்கும் போகாது. 25 டிகிரி செல்சியஸில் அதன் நிறைவுற்ற ஆவி காற்றில் ஏறத்தாழ 4 சதவீதம். அது வெடிக்கும் எல்லையோ சுமார் 1 முதல் 7 சதவீதம். அதாவது குழிக்குள் நாள் முழுக்க இருந்தது வெடிக்கத் தயாரான கலவை. அது ஸோன் 0. ஆனால் டிராயிங்கில் குழிக்கும் சுற்றியிருந்த தரைக்கும் ஒரே சிவப்பு. கொள்முதல் பிரிவு அதைப் பார்த்து, ஸோன் 1க்கான ஃப்ளேம்ப்ரூஃப் (உள்ளே வெடித்தாலும் தீயை வெளியே விடாத) லெவல் ஸ்விட்சை வாங்கிக் குழிக்குள் மாட்டியிருந்தது. எல்லா இடத்திலும் கூட்டியவர்கள், கூட்ட வேண்டிய ஒரே இடத்தில் குறைத்துவிட்டார்கள்.

அதே ஷெட்டில், ஸோன் 2 என்றே இருந்திருக்க வேண்டிய சுவரில் வரிசையாக ஃப்ளேம்ப்ரூஃப் ஜங்ஷன் பாக்ஸ்கள். ஒன்றின் மூடியில் எட்டு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. இன்னொன்றில் மூடி உட்காரும் உலோக முகத்தில் பெயின்ட். மூன்றாவதில் மழைத் தண்ணீர் புகாமலிருக்க ரப்பர் ஷீட்டை வெட்டி வைத்திருந்தார்கள். உள்ளே வெடித்தால் அதைத் தாங்க வேண்டும், இடுக்கு வழியே வரும் சூடான வாயுவைக் குளிரவைத்து வெளியே விட வேண்டும். அந்தப் பெட்டியின் வேலையே அதுதான். போல்ட் போன பெட்டி வெறும் கனமான இரும்பு டப்பா. பராமரிப்பு ஆட்களைத் திட்டி என்ன பயன்? தேவைக்குப் பல மடங்கு பெட்டிகளை அவர்கள் தலையில் கட்டியது டிராயிங் போட்டவர்.

கசிவு மூலப் பட்டியல் இல்லாமல் வரும் டிராயிங்கை இப்போது திறந்துகூடப் பார்ப்பதில்லை, திருப்பி அனுப்பிவிடுகிறேன். நாளைக்கு ஒரு பம்பின் சீலை மாற்றினால் எந்தக் கோட்டைத் திருத்துவது என்று அந்தப் பட்டியல் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

ஸோனோடு நிறுத்திக்கொள்வது

வாயுக் குழுவும் (எவ்வளவு எளிதில் பொறிக்குப் பற்றும் என்பது) வெப்பநிலை வகுப்பும் (கருவி எவ்வளவு சூடாகலாம் என்பது) இல்லாத வகைப்பாடு பாதி வகைப்பாடு. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறும் என்றும் நினைக்காதீர்கள். ஹைட்ரஜன் ஒரு சின்னப் பொறிக்கே பிடித்துக்கொள்ளும், அதனால் மிகக் கடுமையான குழுவான 2சி. ஆனால் அது தானாகப் பற்றிக்கொள்ள 500 டிகிரிக்கு மேல் வேண்டும், எனவே வெப்பநிலை வகுப்பு டி1 போதும். கார்பன் டைசல்ஃபைடும் 2சிதான், ஆனால் சுமார் 90 டிகிரியிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும் என்பதால் டி6. அதற்குத் தீப்பொறியே தேவையில்லை, பக்கத்தில் ஓடும் நீராவிக் குழாய் போதும். வகுப்பின் எண் கூடக் கூட, கருவியின் மேற்பரப்பு எட்டலாம் என்ற வெப்பநிலை குறையும்: டி1க்கு 450, டி4க்கு 135, டி6க்கு 85. இதைத் தலைகீழாகப் படித்துவிட்டுக் கருவி கேட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தரைப்படம் மட்டும் வரைவது

பக்கவாட்டு வெட்டுத் தோற்றமும் வேண்டும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கால்வாயில் இறங்கும். ஹைட்ரஜன் கூரைக்கு ஏறும். அம்மோனியா லேசானதுதான். ஆனால் திரவமாக்கிய அம்மோனியா கசிந்தால் குளிர்ந்த, கனத்த மேகமாகத் தரையோடு தவழும். மூலக்கூறு எடையை மட்டும் பார்த்து அம்பு போட்டுவிடாதீர்கள்.

“டீசல்தானே”

டீசல் எளிதில் பற்றாது என்று ஸோன் போடாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அழுத்தத்தில் உள்ள குழாயில் ஊசி முனை ஓட்டை விழுந்தால் டீசல் மூடுபனியாகப் பீய்ச்சும். ஃப்ளாஷ் பாயின்ட்டுக்கு (திரவத்தின் ஆவி பற்றத் தொடங்கும் வெப்பநிலை) கீழேயும் அது பற்றும்.

தூசிக்கு வாயுக் கணக்குப் போடுவது

எரியக்கூடிய தூசிக்கு ஸோன் 0, 1, 2 அல்ல, 20, 21, 22. தரநிலையும் வேறு, ஐஇசி 60079-10-2. வாயு கசிந்தால் காற்றோட்டம் கலைத்துவிடும். தூசியைக் காற்றோட்டம் கிளப்பிவிடவும் கூடும். உத்தரத்தின் மேல் படிந்திருக்கும் படலத்தையும் மூலமாக எழுதுங்கள், முதல் சிறு வெடிப்பு அதை உதிர்த்துவிட்டால் இரண்டாவது வெடிப்பு பெரியதாக வரும். கருவிச் சூட்டுக்கு இரண்டு வரம்புகள் உண்டு: தூசி மேகம் பற்றும் வெப்பநிலையில் மூன்றில் இரண்டு பங்கு, 5 மில்லிமீட்டர் படலம் பற்றும் வெப்பநிலையிலிருந்து 75 டிகிரி கழித்தது. இரண்டில் குறைந்ததுதான் வரம்பு. படலம் அதைவிடத் தடித்தால் இன்னும் குறைக்க வேண்டும்.

மின் பிரிவிடம் மட்டும் ஒப்படைப்பது

எந்த வால்வ் அடிக்கடி சொட்டுகிறது என்பது பராமரிப்பு ஃபிட்டருக்குத்தான் தெரியும். அவரையும் கூப்பிடுங்கள்.